மீன்பெட்டியில் போன அரிசிச் சாறு

என் மகளுக்கு ஆறு மாதம் முதல் பத்து மாதம் வரை நான் எதைத் தீத்தினேன்?

கஞ்சி என்று சொல்லலாம். என் அப்பாவின் வயலில் விளைந்த மொட்டைக்கறுப்பன் என்ற சிவப்பரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, வறுத்து, மாவாக்கி, காலையும் பின்னேரமும் காய்ச்சிய கஞ்சி. அது எல்லோருக்கும் சொல்லக்கூடிய பதில். அந்த அரிசிக்குள் கொஞ்சம் ஆர்செனிக் இருந்தது. அது எந்த வடிவத்தில் இருந்தது என்பதுதான் எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் அப்போது என் வேலையாக இருந்தது என்பதை நினைத்தால் வாய் கசக்கிறது. வேறு எந்தத் தாய்க்கும் கிடைக்காத வசதி எனக்குக் கிடைத்தது. அதை நானே கெடுத்துக்கொண்டேன்.

ஆர்செனிக் என்றதும் நஞ்சு என்று நினைப்பீர்கள். மண்ணிலும் தண்ணீரிலும் அது எங்கும் கொஞ்சம் உண்டு. தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் வளர்வதால் நெல் மற்றப் பயிர்களைவிடக் கூடுதலாக அதை உறிஞ்சும். எந்த நாட்டு அரிசியிலும் சிறிதளவு இருக்கும். எங்கள் பக்கத்து அரிசி மட்டும் கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எல்லா ஆர்செனிக்கும் ஒன்றில்லை. ஆர்செனைற்று, ஆர்செனேற்று என்ற இரண்டும் பயப்பட வேண்டியவை, சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாக. அரிசியில் வேறு சில வடிவங்களும் உண்டு. அவற்றின் தீங்கு குறைவு. மீனில் நிறையவே இருக்கும், ஆனால் அது முற்றிலும் வேறு வடிவம். உடம்புக்குள் போன மாதிரியே சிறுநீரோடு வெளியே வந்துவிடும். ஆகவே மொத்தம் எவ்வளவு என்று மட்டும் அறிவது, பக்கத்து அறைக்குள் பத்துப்பேர் இருக்கிறார்கள் என்று அறிவதைப் போன்றது. அவர்கள் கள்ளரா, கலியாணம் சொல்ல வந்தவர்களா என்பது கதவைத் திறந்தால்தான் தெரியும்.

நான் இரசாயனம் படித்தவள். ஒரு பல்கலைக்கழக ஆய்வில் ஒப்பந்த அடிப்படையில் உதவியாளராக இருந்தேன். முருங்கனுக்குக் கிட்ட ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பின்வளவில் பச்சை வலைப் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே மண் இல்லை. கறுப்புப் பொலித்தீன் சுற்றிய வாளிகளில் பசளை உப்புகள் கரைத்த தண்ணீர், மேலே ஓட்டை போட்ட மூடி, ஓட்டைக்குள் நெல் நாற்று. சில வாளிகளில் மிகச் சிறிதளவு ஆர்செனேற்றைக் கரைப்போம். அது பொசுபேற்று என்ற பசளை உப்பின் சாயல் கொண்டது. வேருக்கு வித்தியாசம் தெரியாது. பசளை என்று நம்பி உள்ளே விடும். விட்ட பிறகு அதை ஆர்செனைற்றாக மாற்றி, ஒரு பங்கை வாளித் தண்ணீருக்கே திருப்பித் துப்பும். காலையில் நான் ஒரு வடிவத்தைக் கரைத்தால் பின்னேரம் வாளிக்குள் இரண்டு வடிவம் இருக்கும். எத்தனை மணிக்குள் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் ஆய்வு.

இதில் பெரிய கரைச்சல், எடுத்த பிறகும் அது சும்மா இராது. குழாய்க்குள் இருந்துகொண்டே ஒன்று மற்றதாக மாறும். ஆகவே தண்ணீரை எடுத்த உடனே வடித்து, ஒரு துளி அமிலம் விட்டு, இருட்டாக மூடி, ஐஸில் வைத்து, இயந்திரம் இருக்கும் இடத்துக்குக் கொண்டு ஓட வேண்டும். இயந்திரம் இருந்ததோ ஏழு மணித்தியால பஸ் தூரத்தில், ஒரு நகரத்தில். மாதத்துக்கு ஒரு நாள் எங்களுக்கு ஒதுக்குவார்கள்.

நான் எதையும் இரண்டு தரம் பார்க்கிறவள். கேஸ் அடுப்பை மூடிவிட்டுப் படலை வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். பிள்ளை நித்திரை என்றால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைப்பேன். வேலைக்கு எடுக்கும்போது ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியை, நாங்கள் மடம் என்று கூப்பிடுகிறவ, அதைத்தான் சொன்னா.

"நீங்கள் ரெண்டு தரம் பாக்கிற ஆள். இந்த வேலைக்கு அதுதான் வேணும்."

இனி அப்பாவின் அரிசிக்கு வருகிறேன்.

நான் நானாட்டானுக்கு உள்ளே ஒரு வயல் கிராமத்துச் சைவக்காரி. என் கணவர் பாலத்துக்கு அந்தப் பக்கத்துத் தீவின் கரையோரத்துக் கிறிஸ்தவர், எங்கள் பேச்சில் வேதக்காரர்; மீன்வாடி என்கிற கரைக் கொட்டகையில் மீன் வாங்கி, ஐஸ் போட்டு, வெளியூருக்கு அனுப்புகிறவர். அம்மா முன்பே போய்விட்டா. அப்பா என் கலியாணத்துக்கு வரவில்லை. "பெட்டை மீன்வாடிக்குள்ளை போய் விழுந்திட்டுது" என்று ஆட்களிடம் சொன்னதாகக் கேள்வி. இரண்டு வருசம் பாலம் கடந்து தீவுப் பக்கம் வரவேயில்லை. மகள் பிறந்து ஆறாம் மாதம், சோறு தீத்துகிற நாளன்று, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பை அரிசியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இறங்கி வாசலிலேயே நின்றார்.

என் மாமி கதிரையை இழுத்துப் போட்டா. "வாங்கோ சம்பந்தி, உள்ளுக்கு வாங்கோ. இருங்கோ."

"இருக்க நேரமில்லை. பேத்திக்கு முதல் சோறு என்ர வயல் அரிசியிலை இருக்கவேணும். கடைச் சாமான் குடுக்கப்படாது. தவிடு போகாமல் பக்கத்திலை நிண்டு தீட்டுவிச்சனான்."

"குடுப்பம். பல்லு முளைச்சால் நாங்கள் மீன் குடுப்பம். அதுக்கு நீங்கள் மறுப்புச் சொல்லப்படாது."

அப்பா கதிரையில் இருந்தார். தேத்தண்ணி குடித்தார். மகள் முதல் வாய்ச் சோற்றைத் துப்பியபோது சிரித்தார். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பையோடு வந்தார். மாமிக்கும் அவருக்கும் இடையில் வேறு பேச்சு இல்லை; அரிசி வந்தது, தேத்தண்ணி போனது, அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த நேரம் மடம், வாளிகளோடு நிற்காமல் பக்கத்து வயல்கள் சிலவற்றின் அரிசியையும் பார்க்கலாம் என்றா. நான் அப்பாவின் அரிசியில் ஒரு பிடி கொடுத்தேன். ஒளித்துக் கொடுக்கவில்லை, கேட்டுத்தான் கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதலில் மொத்த அளவு வந்தது. மற்ற அரிசிகளைவிட அப்பாவின் அரிசியில் கூட. வளர்ந்தவர்கள் சாப்பிட்டால் யாரும் பெரிதாகக் கதைக்கமாட்டார்கள். பத்து மாதப் பிள்ளை இரண்டு நேரமும் அதையே குடித்தால், அது எந்த வடிவம் என்பதைப் பொறுத்து. அப்பா பக்கத்தில் நின்று போகாமல் காத்த தவிட்டில்தான் அது கூடுதலாகத் தங்கும் என்பது எனக்குத் தெரியும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"வடிவம் பாக்காமல் ஒண்டும் சொல்ல ஏலாது," என்றா மடம். "அடுத்த முறை போகேக்கை உங்கட அரிசியையும் கொண்டு போங்கோ."

அடுத்த முறைக்கு மூன்று கிழமை இருந்தது. நான் கஞ்சியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மாமி ஏன் என்று கேட்பா. மாமிக்குச் சொன்னால் அப்பாவுக்குப் போகும். மாவைப் பாதியாகக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினேன். பாதி கொடுத்தால் பாதிப் பாவம் என்று நினைத்தேனோ என்னவோ. பிள்ளை பசித்து அழுதது. அதுவும் என் கணக்கில்தான்.

மாமிக்கு இந்த வேலையே பகிடி. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மீனிலும் ஆர்செனிக் இருக்கிறது, ஆனால் அது வேறு வடிவம் என்று விளங்கப்படுத்தினேன். மாமி முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டா.

"எங்கட மீனிலையும் நஞ்சாம். நான் எத்தினை பாரை திண்டிருப்பன்? அப்ப நான் எப்பவோ செத்திட்டன். நீங்கள் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

போகிற நாளுக்கு முதல் நாள், ஆய்வுகூடத்து ஐஸ்பெட்டியை ஒரு மாணவி வேறு வேலைக்குக் கொண்டுபோய்விட்டா என்று தெரிந்தது. நான் வீட்டில் அந்தரப்பட்டுக்கொண்டு நின்றேன். கணவருக்குச் சிரிப்பு.

"இஞ்சேரும், மீன்காரன் வீட்டிலை இருந்துகொண்டு ஐஸ்பெட்டிக்கு அழுறீரோ? என்ர பாரை கொழும்பு மட்டும் கல்லு மாதிரிப் போகுது. உம்மட தண்ணிக் குழாய் போகாதோ?"

"மீன் வைச்ச பெட்டியெல்லோ."

"மூண்டு தரம் கழுவினது. மோந்து பாரும்."

மோந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. இப்போதுதான் விளங்குகிறது: கலியாணமாகி இரண்டரை வருசம், அந்த வீட்டில் எனக்கு மீன் மணம் தெரிவது எப்போதோ நின்றுவிட்டது. என் ஊரில் இருந்து யாராவது வந்து மோந்திருந்தால் ஒரு நொடியில் மூக்கைப் பொத்தியிருப்பார்கள். ஐஸை அவர் வாடியில் அள்ளி நிரப்பிக்கொண்டு வந்தார். எந்தத் தொட்டியில் அள்ளினது என்று எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்கிற நான் ஒரு தரமும் கேட்கவில்லை.

விடிய மகளுக்கு மேல் காய்ந்தது, காய்ச்சல். மருந்து கொடுத்து, பாலைப் பிழிந்து போத்தலில் வைத்து, மாமியிடம் விட்டுவிட்டு வெளிக்கிட்டேன். முருங்கனில் குளிரூட்டியில் இருந்த குழாய்களை எடுத்து ஐஸுக்குள் அடுக்கினேன். வாளித் தண்ணீர்க் குழாய்கள், மற்ற வயல்களின் குழாய்கள், அப்பாவின் அரிசி மாவை மென் அமிலத்தில் சூடாக்கி வடித்த சாறு ஒரு குழாய், சுத்தத் தண்ணீர் மட்டும் உள்ள குழாய் ஒன்று. அந்த வெறும் தண்ணீர் எல்லாப் பயணத்திலும் கூட வரும். வழியில் ஏதாவது கலந்ததா என்று காட்டுவதுதான் அதன் வேலை.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்த எண்ணம் வந்தது. கடைசி வரிசைக்கு அமிலம் விட்டேனா? விட்டது நினைவில் இருந்தது. ஆனால் நினைவில் இருந்தது இன்றைய வேலையா, போன மாதத்து வேலையா? பஸ் வரக் கால் மணித்தியாலம் இருந்தது. வாங்குப் பலகையில் இருந்தபடியே பெட்டியைத் திறந்து, ஐஸுக்குள் கையை விட்டு, ஒவ்வொரு குழாயாக எடுத்து, மூடியைத் திறந்து, அமிலம் காட்டும் தாளின் நுனியை நனைத்துப் பார்த்தேன். கையுறை பைக்குள்தான் இருந்தது. பஸ் நிலையத்தில் நீலக் கையுறை போட்டுக்கொண்டு இருந்தால் சனம் பார்க்குமே என்று வெட்கப்பட்டு எடுக்கவில்லை.

எல்லாவற்றிலும் அமிலம் இருந்தது. நான் ஒன்றையும் மறந்திருக்கவில்லை. என் விரல்கள் விறைத்து, நுனியில் இருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெறும் தண்ணீர்க் குழாயையும் திறந்து பார்த்தேன். பஸ் ஹோர்ன் அடித்தது. கடைசி மூடிகளை அவசரத்தில் திருகி உள்ளே போட்டேன். நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் முக்கால்வாசி உருகி, குழாய்கள் அந்தத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன.

அடுத்த நாள் காலை இயந்திரத்தை இயக்குகிற அண்ணாவிடம் கெஞ்சினேன். வழமையாக வெறும் தண்ணீரைத்தான் முதலில் ஓட்டுவார். "அண்ணா, இந்தக் குழாயை முதல் ஓட்டுங்கோவன். இது என்ர பிள்ளை சாப்பிடுற அரிசி."

அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். சரி என்றார்.

அந்த இயந்திரம் சாற்றை ஒரு மெல்லிய பிரிகுழாய்க்குள் தள்ளும். ஒவ்வொரு வடிவமும் தன் தன் நேரத்துக்கு மறுபக்கத்தால் வெளியே வரும். வரும்போது திரையில் ஓடுகிற கோடு ஒரு மேடாக எழும்பி இறங்கும். முதல் மேடு ஆர்செனைற்று. அப்பாவின் அரிசிக்கு அந்த முதல் மேடு எழும்பியது, எழும்பிக்கொண்டே போனது. மற்ற மேடுகள் அதன் காலடியில் சின்னதாகக் கிடந்தன.

"பிழையாயிருக்கும். இன்னொருக்கா ஓட்டுங்கோ அண்ணா."

அதே மேடு.

"இன்னும் ஒருக்கா."

அதே மேடு. குழாயின் அடி தெரிந்தது. நான் வெளியே போய், மதிலோரம் நின்று, முதலில் மாமிக்குப் போன் எடுத்தேன். கஞ்சி கொடுக்க வேண்டாம், மாப் போத்தலை எடுத்து மறைத்து வையுங்கோ என்றேன். மாமி ஏன் என்று கேட்டா. சொன்னேன்.

"வயல்காரர் எங்களைத்தான் நாத்தம் எண்டவை," என்றா மாமி.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்பா அதே அரிசியைத் தன் பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோடு இருந்த பெண்ணுக்கும் கொடுத்து வந்தார். சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளையின் பாவமும் எனக்கு. கடமை என்று நினைத்துத்தான் அப்பாவுக்கும் எடுத்தேன்.

"அப்பா, அந்த அரிசியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"ஏன், வண்டு வைச்சிட்டுதோ?"

"வண்டு இல்லை. ஆர்செனிக். கெட்ட வடிவம்."

"அப்பிடியெண்டால்?"

"நஞ்சு, அப்பா."

பின்னால் எங்கோ ட்ரக்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நீ பிறக்க முதலே அந்த வயலைத்தான் விதைக்கிறன். அப்ப உனக்கு நான் நஞ்சு தீத்தியோ வளத்தனான்?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை..."

"நீ படிச்சனி. நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும்." வைத்துவிட்டார்.

திரும்ப உள்ளே போனபோது அண்ணா வெறும் தண்ணீரை ஓட்டிக்கொண்டிருந்தார். கோடு நேராகப் போக வேண்டும். அது எழும்பியது. சின்ன மேடு, ஆனால் அதே இடத்தில், அதே நேரத்தில்.

"தங்கச்சி, வெறும் தண்ணிக்கு எங்கையிருந்து ஆர்செனைற்று வந்தது?"

அவர் எழும்பிப் போய் மூலையில் இருந்த என் பெட்டியைத் திறந்து, முகத்தைச் சுழித்துக்கொண்டு மூடினார்.

"இதுக்குள்ளை என்ன கொண்டு வந்தனீங்கள்?"

"சாம்பிள்தான் அண்ணா."

"அதுக்கு முதல்?"

"...பாரை."

அவர் சிரிக்கவில்லை. மெதுவாகத்தான் விளங்கப்படுத்தினார். அந்தப் பிரிகுழாயில் மீன் வடிவமும் ஆர்செனைற்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியே வரும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒரே மேடாகத் தெரியும். அரிசியில் மீன் வடிவம் இருக்க வழியில்லாததால் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. இரண்டையும் பிரிக்கிற வேறு பிரிகுழாய் அவரிடம் இருந்தது. அதை மாற்றிப் பூட்டி, வெறும் தண்ணீரை மறுபடி ஓட்டப் பின்னேரம் ஆகிவிட்டது. ஆர்செனைற்றின் இடத்தில் ஒன்றுமில்லை. மீனின் இடத்தில் மேடு.

"அப்ப அரிசியிலை இருந்ததும் மீன்தானோ அண்ணா?"

"மீனும் இருந்திருக்கும். எவ்வளவு மீன், எவ்வளவு அரிசி எண்டு சொல்ல, அதை இந்தப் பிரிகுழாயிலை ஓட்டவேணும்." குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "ஒரு துளியும் இல்லை. நீங்கள் மூண்டு தரம் ஓட்டுவிச்சிட்டீங்கள்."

வெறும் தண்ணீரில் சேர்ந்த அளவைக் கழித்துப் பார்க்கலாமே என்று கேட்டேன். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் என் விரலில் இருந்து எத்தனை துளி விழுந்தது, எந்த மூடியால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும் என்றார். எனக்கே தெரியாது. ஒரு மாத வாளிக் குழாய்களும் அதே கதிதான்.

மடத்திடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். ஏசுவா என்று நினைத்தேன். "மீன்பெட்டியோ," என்று மட்டும் கேட்டா. பிறகு, கணினியைப் பார்த்தபடியே, "உங்களை ரெண்டு தரம் பாக்கிற ஆள் எண்டு நினைச்சிருந்தன்," என்றா. ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. அதற்குள் இயந்திரமும் பழுதாகி ஒரு பாகத்துக்காகக் காத்துக் கிடந்தது. வேறு இடங்களில் விசாரித்தேன். மொத்தம் அளப்போம், வடிவம் அளப்பதில்லை என்றார்கள். மொத்தம் எனக்குத் தெரியும்.

அந்தக் கிழமையே அப்பாவிடம் போனேன். முன்வாசலில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நான் எடுத்த அன்றே பக்கத்து வீட்டுக்குப் போய், கொடுத்த அரிசியைத் தானே திருப்பி வாங்கி வந்திருந்தார். வாங்கும்போது என்ன சொன்னாரோ தெரியாது. வழியில் கண்ட ஒரு பெண் என்னிடம், "அப்பாவின்ர வயல்லை என்னவோ விழுந்திட்டுதாமே?" என்று கேட்டிருந்தா.

"அப்பா, நான் சொன்னது பிழை. குழாய்க்குள்ளை மீன்பெட்டித் தண்ணி போயிட்டுது."

கையை நிறுத்தினார். "மீன் தண்ணியோ?" சிரித்தார். நான் அவரிடம் முன்பு கேட்டிராத சிரிப்பு. "அதைத்தானே நான் உன்ர கலியாணத்துக்கே சொன்னனான்."

மண்வெட்டியைச் சுவரோடு சாத்தி வைத்தார்.

"சரி. அப்ப அரிசி நல்லம்."

"அப்பிடியும் சொல்ல ஏலாது அப்பா."

"கெட்டதோ?"

"அதுவும் தெரியாது."

"பிறகு என்னத்தைப் படிச்சனி?"

குசினிக்குள் போய்ப் பார்த்தேன். அடுப்பில் அதே சிவப்பரிசி கொதித்துக்கொண்டிருந்தது. வேண்டாம் அப்பா, தெரியும் வரைக்கும் கடையில் வாங்குங்கோ என்றேன். "எனக்கு இனி என்ன வரக் கிடக்கு? இதை நான் திண்டு முடிக்கிறன். பிள்ளைக்குத்தான் குடுக்கப்படாது," என்றார். நிறையத் தண்ணீர் விட்டு அவித்து வடித்தால் கொஞ்சம் குறையும் என்று சொன்னேன். தலையாட்டினார். அவர் வடிக்கமாட்டார், கஞ்சித் தண்ணீரை உப்புப் போட்டுக் குடிக்கிறவர்.

மாமிக்கும் சொன்னேன். "கடைசியிலை பழி எங்கட மீனிலைதான்," என்றா. கணவர் அந்தப் பெட்டியை எறிந்துவிட்டார். கேட்டால், அது வெடித்த பெட்டி என்கிறார்.

மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. ஓடுகிறாள், கடிக்கிறாள், மீன் என்றால் தட்டோடு வருகிறாள். குரக்கனும் பயறும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். கிளினிக்கில் நிறை சரி, உயரம் சரி என்கிறார்கள். நடந்ததை ஒரு நாள் டொக்டரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிள்ளையைப் பார்த்தால் பயப்பட ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆனாலும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த மேடு எழும்புகிறது.

அப்பா இன்னும் மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. கோபித்துக்கொண்டு வராமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. இப்போது பையில் வருவது கடை அரிசி. வெள்ளையாகத் தீட்டி, பொலித்தீனில் அடைத்து, மேலே படம் போட்ட பைக்கற். எந்த ஊரில் விளைந்தது என்று அதில் எழுதியிருக்காது. அதை ஒருவரும் அளக்கவில்லை. அளக்காதபடியால் அது சுத்தமாக இருக்கிறது. வாசலிலேயே நின்று மாமியிடம் நீட்டுகிறார். "இது கடையிலை வாங்கினது, பயமில்லை," என்கிறார். மாமி கதிரையை இழுத்துப் போடுகிறா. அவர் இருப்பதில்லை. போன மாதம் மகள் அவருடைய சாரத்தைப் பிடித்து உள்ளே இழுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் போனார்.

குளிரூட்டியின் மேல்தட்டில், மீன் பொதிகளுக்கு அங்கால், அந்த மாவில் அரைப் போத்தல் இருக்கிறது. மூன்று பை சுற்றி, ஒவ்வொரு பையையும் தனித்தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். இயந்திரத்தைத் திருத்தினால் ஓட்டித் தருகிறேன் என்று அந்த அண்ணா சொல்லியிருக்கிறார். எப்போது என்று அவருக்கும் தெரியாது.

இதை வாசிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள், வயல் செய்கிறவர்கள் இருப்பீர்கள், என்னைப் போல அரைகுறையாகப் படித்துவிட்டுத் தவிக்கிறவர்களும் இருக்கலாம். அடுத்த முறை அப்பா வரும்போது, உங்கள் அரிசியைக் கொண்டு வாங்கோ என்று சொல்லி, நிறையத் தண்ணீரில் வடித்து, அவர் கண் முன்னால் என் மகளுக்கு ஒரு வாய் தீத்தலாமா? ஒரு வாய்ச் சோறு ஒன்றும் செய்யாது என்று படித்த மூளை சொல்கிறது. தெரியாததைப் பிள்ளையின் வாயில் வைக்காதே என்று அதே மூளைதான் சொல்கிறது. அல்லது முடிவு வரும் வரைக்கும் பொறுத்திருக்கவா, அவர் அங்கே தனியே இருந்து அந்த அரிசியைத் தின்று முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? சரியாகத் தெரிந்தவர்கள் மட்டும் சொல்லுங்கோ என்று கேட்க எனக்கு இனி வாய் இல்லை. தெரியாதவர்களும் சொல்லுங்கோ.